கொத்தனார் மகன் கண்ட கணக்கு

ஒரு விளைவுக்கு ஒரே ஒரு காரணம்தான் என்று அடித்துப் பேசுவோரிடம் நாம் எப்போதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆலையிலே உற்பத்தி குறைந்தால் தொழிலாளியின் சோம்பல் என்பார்கள். வீட்டிலே வறுமை புகுந்தால் தலைவிதி என்பார்கள். ஏழைப் பிள்ளை படிப்பில் பின்தங்கினால் பிறவிக் குணம் என்பார்கள். ஒரே வரி, ஒரே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது!

உலகம் அப்படி இயங்கவில்லை, தோழர்களே! எந்த விளைவுக்கும் பின்னால் பல காரணங்கள் கலந்து நிற்கின்றன. ஒன்று ஏற்றி விடுகிறது, ஒன்று இறக்கி விடுகிறது, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அப்படியானால் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு? அதை ஆத்திரப்படாமல், ஆளைப் பாராமல், அளந்து சொல்ல ஒரு வழி உண்டா?

உண்டு. அந்த வழிக்கு அடித்தளம் அமைத்தவர்களில் தலையாயவர் ஜெர்மனி நாட்டுக் கணித மேதை கார்ல் பிரீட்ரிக் கௌஸ். கணித உலகின் இளவரசர் என்று அவரை அறிஞர்கள் புகழ்வது வழக்கம். ஆனால் அவர் பிறந்தது அரண்மனையில் அல்ல. கூலி வேலை செய்து வயிறு கழுவிய ஒருவரின் குடும்பத்திலே! அந்த உழைப்பாளி மகனின் வரலாற்றையும், அவர் விட்டுச் சென்ற கணக்கையும், அந்தக் கணக்கு பின்னாளில் ஏழை மக்களின் வாழ்வை எப்படித் தொட்டது என்பதையும் நம் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது.

பிரன்ஸ்விக் என்பது வட ஜெர்மனியில் ஒரு நகரம். அங்கே 1777 ஏப்ரல் 30 அன்று கௌஸ் பிறந்தார். தகப்பனார் கெபார்டு கொத்து வேலை செய்தார். தோட்ட வேலை பார்த்தார். கசாப்புத் தொழிலும் செய்தார். எந்த வேலை கிடைத்ததோ அந்த வேலை. தாயார் தொரோதேயா கல்தச்சர் ஒருவரின் மகள். எழுத்தறிவு அந்த அம்மைக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

தன் மகன் பிறந்த தேதியை அந்தத் தாய் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தால் அல்லவா எழுதுவதற்கு! இயேசு விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை; அவ்வளவுதான் அவர் நினைவில் இருந்தது. அந்தத் திருநாளோ ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவது. ஈஸ்டர் ஞாயிறு என்றைக்கு வருகிறதோ அதைப் பொறுத்தது. எனவே தான் பிறந்த தேதியை அறிய வேண்டுமானால் ஈஸ்டர் வரும் நாளைக் கணக்கிட்டாக வேண்டும். எந்த ஆண்டுக்கும் ஈஸ்டர் நாளைக் கண்டுபிடிக்கும் ஒரு கணக்கு விதியை 1800ஆம் ஆண்டில் கௌஸ் வகுத்து வெளியிட்டார். எழுதத் தெரியாத தாயின் நினைவை மகனின் கணிதம் தேதியாக்கிக் காட்டியது!

பள்ளிக்கூடத்தில் நடந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வகுப்பை அமைதிப்படுத்துவதற்காக ஒன்று முதல் நூறு வரை உள்ள எண்களைக் கூட்டும்படி ஆசிரியர் கட்டளையிட்டாராம். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினார்கள். சிறுவன் கௌஸ் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தான்: 101. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் சேர்த்தான்: மறுபடியும் 101. இப்படி ஐம்பது சோடிகள். ஆக 5050. பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான் என்கிறார்கள். கதையின் நகாசு எப்படியிருந்தாலும் கணக்கு சரி!

இந்தப் பிள்ளையை அடையாளம் கண்டு கைகொடுத்தவர், அவனைவிட எட்டே வயது மூத்த துணை ஆசிரியர் மார்ட்டின் பார்ட்டெல்ஸ். அவர் அவனோடு சேர்ந்து நூல்களைப் படித்தார். தெரிந்தவர்களிடம் எடுத்துச் சொன்னார். செய்தி பிரன்ஸ்விக் கோமகன் கார்ல் வில்லெம் பெர்டினாண்ட் காதுக்கு எட்டியது. அவர் 1792 முதல் பையனின் படிப்புக்குப் பண உதவி செய்தார். அந்த உதவியால்தான் உயர்கல்லூரியிலும், பிறகு 1795 முதல் 1798 வரை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் கௌஸ் படித்தார்.

கோமகனின் கொடையை நாம் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு பார்ட்டெல்ஸ் கண்ணில் பட்டதால் ஒரு கௌஸ் கிடைத்தார். அதே தெருவில், அதே ஆண்டுகளில், எவர் கண்ணிலும் படாமல் செங்கல் சுமக்கப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அறிவு குலத்தில் இல்லை, குருதியில் இல்லை, செல்வத்தில் இல்லை என்பதற்குக் கௌஸ் சான்று. ஆனால் அறிவு மலர வாய்ப்பு வேண்டும் என்பதற்கும் அவரே சான்று. ஒருவரின் இரக்கத்தில் தொங்கும் கல்வி, ஊருக்கு ஒரு பிள்ளையைத்தான் கரையேற்றும். உரிமையாகக் கிடைக்கும் கல்விதான் ஊரையே கரையேற்றும்.

1796ஆம் ஆண்டு. கௌசுக்குப் பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு சமபக்கங்கள் உள்ள உருவத்தை வரைய முடியும் என்று அவர் நிறுவினார். கிரேக்கர் காலத்திலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளாக எவரும் தாண்டாத எல்லை அது. 1801இல் எண்களின் இயல்பு பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. ஆனால் அவர் பெயர் கணித அறிஞரின் வட்டத்தைத் தாண்டிப் பரவியது வேறொரு காரணத்தால். அந்தக் காரணம் வானத்தில் இருந்தது!

1801 ஜனவரி முதல் நாள் இரவு. சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலே பியாசி என்னும் வானியலார் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். சீரிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார். பிப்ரவரி 11 வரை அதைத் தொடர்ந்தார். பிறகு அது கதிரவனின் ஒளிக்குள் மறைந்து போயிற்று. நாற்பத்தொரு நாள் இடைவெளியில், வானத்தில் சுமார் மூன்று பாகை அளவுள்ள சின்னஞ்சிறு வளைவு மட்டுமே கையில் கிடைத்தது. மறுபடியும் அது எங்கே தோன்றும்? ஐரோப்பாவின் வானியலார்கள் திகைத்து நின்றார்கள்.

ஒரு கோளின் பாதையைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டு நெளிந்தது, எந்தச் சாய்வில் கிடக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கோள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பவற்றை அந்த ஆறும் சேர்ந்து சொல்லும். ஆறும் தெரியாதவை. இருபத்து நான்கு வயது இளைஞர் கௌஸ் பியாசியின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் மூன்று இரவுகளின் அளவுகளிலிருந்து பாதையை வரைந்தார். பிறகு மற்ற அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார். அதே ஆண்டு டிசம்பரில் பான் சாக் என்னும் வானியலார், கௌஸ் காட்டிய இடத்துக்கு மிக அருகிலே சீரிசைக் கண்டார். 1802 ஜனவரி முதல் நாள் ஓல்பர்ஸ் என்பவரும் கண்டார். கொத்தனார் மகன் காகிதத்தில் போட்ட கணக்கு, காணாமற்போன கோளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது!

சரி, அந்தக் கணக்கு முறைதான் என்ன? வானத்தை விட்டுத் தரைக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஆலையையே எடுத்துக்கொள்வோம்.

நூற்பாலை ஒன்றின் மாத உற்பத்தி ஏறுகிறது, இறங்குகிறது. ஏன்? பஞ்சின் தரம் ஒரு காரணம். மின்சாரம் நின்ற மணிநேரம் ஒரு காரணம். இயந்திரத்தின் வயது ஒரு காரணம். வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கை ஒரு காரணம். இந்த நான்கையும் சாரா மாறிகள் என்று கணித நூலார் சொல்வார்கள். உற்பத்தி அவற்றைச் சார்ந்து மாறுவது. ஒவ்வொரு காரணத்தையும் அதற்குரிய ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மாறாத ஓர் எண்ணையும் சேர்த்தால் உற்பத்தி வரவேண்டும். இதுதான் சமன்பாடு. பெருக்கும் எண்கள் நான்கு. மாறாத எண் ஒன்று. ஆக ஐந்து எண்கள் தெரியவில்லை. மற்ற மூன்று காரணங்களும் அப்படியே இருக்க, மின்சாரம் ஒரு மணிநேரம் அதிகமாக நின்றால் உற்பத்தி எவ்வளவு குறையும்? மின்சாரத்துக்குரிய எண் அதைச் சொல்லும். மற்றவையும் அப்படியே.

கையிலே அறுபது மாதக் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது சாட்சிகள்; கண்டுபிடிக்க வேண்டியவை ஐந்து. சாட்சிகள் ஒரே குரலில் பேசமாட்டார்கள். அளவெடுத்ததில் பிழை இருக்கும். எழுதியதில் பிழை இருக்கும். நாம் எண்ணாத சிறு காரணங்கள் குறுக்கே வந்திருக்கும். ஐந்து மாதங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஒரு விடை வரும். வேறு ஐந்தைப் பொறுக்கினால் வேறு விடை வரும். இங்கேதான் சூது புகுகிறது! முதலாளி தனக்குச் சாதகமான ஐந்து மாதங்களைப் பொறுக்குவார். அவை தொழிலாளியே குற்றவாளி என்று சாட்சி சொல்லும்.

கௌஸ் கைக்கொண்ட முறையில் பொறுக்குவது கிடையாது. அறுபது சாட்சிகளையும் கேட்டாக வேண்டும். ஐந்து எண்களுக்கும் ஏதோ ஒரு மதிப்பு கொடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு மாதத்துக்கும் சமன்பாடு ஓர் உற்பத்தியைச் சொல்லும். உண்மையில் நடந்த உற்பத்தி வேறாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மிச்சம். அறுபது மாதங்களுக்கும் அறுபது மிச்சங்கள். ஒவ்வொரு மிச்சத்தையும் அதனாலேயே பெருக்கி, அதாவது வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எந்த ஐந்து எண்களுக்கு மிகக் குறைவாக வருகிறதோ, அந்த ஐந்தே விடை. இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர்.

வர்க்கமாக்குவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். நான்கு மூட்டைகள் இருக்கின்றன. நால்வர் தலையில் ஆளுக்கு ஒன்றாக வைத்தால், ஒன்றின் வர்க்கம் ஒன்று; நாலும் சேர்ந்து நான்கு. நான்கையும் ஒருவன் தலையிலேயே ஏற்றினால், நான்கின் வர்க்கம் பதினாறு! மூட்டைகள் அதே நான்குதான். ஆனால் பாரம் முழுவதும் ஒருவன் தலையில் விழும் ஏற்பாட்டை இந்தக் கணக்கு ஏற்பதில்லை. பிழை என்னும் சுமையைக் கூடுமான வரையில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. கணிதத்துக்குக் கட்சி கிடையாது. ஆனாலும் இந்த நியாயம் நமக்குப் பிடித்த நியாயமே!

ஆனால் இதே குணத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பொய்யாக எழுதப்பட்ட ஒரே ஒரு பெரிய எண், வர்க்கமாகும்போது பூதாகாரமாகி, விடை முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடும். ஆகையால் ஏட்டில் உள்ள எண் உண்மைதானா என்று பார்ப்பது கணக்குப் போடுவதற்கு முந்திய வேலை. இன்னொன்றும் உண்டு. இரண்டு காரணங்கள் எப்போதும் கைகோத்தே வந்தால், எது எவ்வளவு என்று பிரிக்க எந்தக் கணக்காலும் ஆகாது. மின்சாரம் நின்ற மாதங்களில் எல்லாம் மட்டமான பஞ்சும் வந்திருந்தால், கெடுத்தது மின்சாரமா, பஞ்சா என்று சமன்பாடு சொல்லாது. அப்படிச் சொல்வதாக எவராவது மார் தட்டினால் நம்ப வேண்டாம்.

இந்த முறையை முதலில் அச்சிட்டு உலகுக்குத் தந்தவர் கௌஸ் அல்ல; பிரான்ஸ் நாட்டு அறிஞர் லெஜாண்டர். ஆண்டு 1805. கௌஸ் 1809இல் கோள்களின் இயக்கம் பற்றிய தம் நூலில் அதை விளக்கி, 1795 முதலே தாம் அதைப் பயன்படுத்தி வருவதாகவும் குறிப்பிட்டார். லெஜாண்டர் சீற்றம் கொண்டார். வழக்கு ஓயவில்லை. நம்மைக் கேட்டால், அச்சில் முந்தியவர் லெஜாண்டர். அந்த முறை ஏன் சரியானது என்பதைப் பிழைகளின் இயல்பிலிருந்து நிறுவ முனைந்தவர் கௌஸ். சிறு பிழைகள் அடிக்கடியும் பெரும் பிழைகள் அரிதாகவும் நேர்கின்றன. அவற்றை வரைந்தால் கோயில் மணியைப் போன்ற ஒரு வளைவு கிடைக்கும். அந்த வளைவுக்கு இன்றும் அவர் பெயர் வழங்குகிறது.

பல்லாஸ் என்னும் மற்றொரு சிறுகோளை 1803 முதல் 1809 வரை அளந்த குறிப்புகளைக் கொண்டு அவர் ஆறு தெரியாத எண்களுக்கு ஆறு சமன்பாடுகள் அமைத்தார். முதல் சமன்பாட்டின் துணையால் மற்ற ஐந்திலிருந்தும் ஒரு தெரியாததை நீக்கினார். எஞ்சிய ஐந்தில் ஒன்றால் இன்னொன்றை நீக்கினார். இப்படியே கடைசியில் ஒரே ஒரு தெரியாததோடு ஒரே ஒரு சமன்பாடு நிற்கும். அதன் விடை கிடைத்ததும் படிப்படியாகத் திரும்பி ஏறினால் ஆறும் கிடைக்கும். இதைக் கௌஸ் நீக்கல் முறை என்று இன்று மாணவர்கள் படிக்கிறார்கள். சீன நாட்டின் பழங்கணித நூல் ஒன்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதே போன்ற முறை இருந்தது என்பதையும் நாம் சொல்ல வேண்டும். அறிவு எந்த ஒரு நாட்டின் தனிச்சொத்தும் அல்ல.

கோமகன் 1806இல் நெப்போலியனின் படையோடு நடந்த போரில் படுகாயமுற்று இறந்தார். கொடை நின்றது. 1807இல் கோட்டிங்கன் வானாய்வுக் கூடத்தின் தலைவராகக் கௌஸ் பொறுப்பேற்றார். சாகும்வரை அந்த இடத்தை விட்டு அகலவில்லை. 1809இல் அன்பு மனைவி யோகன்னா பிள்ளைப்பேற்றை அடுத்து மறைந்தார். அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை. மறுமணம் செய்துகொண்ட மின்னாவையும் 1831இல் இழந்தார். அழுகையோடு வேலை, வேலையோடு அழுகை. புகழ் பெற்றவர் வீட்டிலும் சாவு கதவைத் தட்டாமல்தான் நுழைகிறது.

அவர் நாற்காலியில் மட்டும் அமர்ந்திருந்த அறிஞர் அல்லர். ஹானோவர் நாட்டை நிலஅளவை செய்யும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. 1821 முதல் 1825 வரை கோடைக் காலங்களில் குன்றேறி, கோபுரமேறி, வெயிலில் நின்று கோணங்களை அளந்தார். கண்ணாடியால் கதிரவன் ஒளியைத் திருப்பித் தொலைவிலுள்ள குன்றுக்கு அடையாளம் காட்டும் கருவியையும் அவரே அமைத்தார். சிறு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை வரவேண்டும். அளந்து பார்த்தால் வராது. சிறிது கூடும், அல்லது குறையும். அந்த வேறுபாட்டை எந்தக் கோணத்தின் தலையில் கட்டுவது? அங்கேயும் அதே நீதி: எல்லா அளவுகளையும் ஒருங்கே வைத்து, பிழையைப் பங்கிட்டுத் தீர்ப்பது.

முதுமையில் செய்த ஒரு வேலை நம் தொழிலாளத் தோழர்களுக்கு நெருக்கமானது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இறந்துபோன பேராசிரியர்களின் மனைவிமாருக்கு உதவிப்பணம் வழங்கும் நிதி ஒன்று இருந்தது. அந்த நிதியின் கணக்கை 1845 முதல் 1851 வரை கௌஸ் ஆராய்ந்து சீர்செய்தார். கோளின் பாதையைக் கண்ட கை, கைம்பெண்களின் மாத வருமானத்தைக் கணக்கிட்டது. நம் சேமநல நிதிகளின் கணக்கைப் பார்க்கும் சங்கத் தோழர்கள் இந்தச் செய்தியை மனதில் வைக்கலாம். அந்த வேலை மேதைக்குச் சிறிதாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் சலிப்பு ஏன்?

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1837இல் ஹானோவரின் புதிய மன்னர் எர்னஸ்ட் ஆகஸ்ட், 1833இல் மக்களுக்குக் கிடைத்திருந்த அரசியல் சட்டத்தைச் செல்லாது என்றார். கோட்டிங்கன் பேராசிரியர்கள் எழுவர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். எழுவரையும் மன்னர் வேலையிலிருந்து விரட்டினார். மூவரை நாட்டை விட்டே துரத்தினார். கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர் இருவரும் அந்த எழுவரில் இருந்தனர். கௌசோடு சேர்ந்து 1833இல் மின்தந்தி அமைத்த வில்லெம் வேபரும் இருந்தார். கௌசின் மருமகன் எவால்டும் இருந்தார்! கௌஸ் மட்டும் அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. வெளிப்படையாகக் கண்டிக்கவும் இல்லை. மகளும் மருமகனும் ஊரை விட்டுப் போனார்கள்; அந்த மகள் 1840இல் இறந்து போனாள்.

அவருக்கு அப்போது வயது அறுபது. முதிய தாய், கண்பார்வை இழந்து, அவர் வீட்டிலேயே இருந்தார். இளமை முதல் அரசரின் கொடையால் வளர்ந்தவர். அரச பக்தி அவர் இயல்போடு ஊறியது. காரணங்கள் பல இருக்கலாம். அவரே கற்றுக்கொடுத்தபடி எல்லாவற்றையும் நாம் சேர்த்தே எடை போடுகிறோம். எடை போட்டு முடித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கிறது. பேச வேண்டிய நேரத்தில் பேராற்றல் படைத்த ஒருவர் மௌனம் காத்தார் என்பதே அந்த மிச்சம். அறிவு வேறு, அஞ்சாமை வேறு. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் நாட்டுக்கு நல்லது. சேராவிட்டால் அறிவை ஏற்போம், அச்சத்தை விலக்குவோம்.

கௌஸ் 1855 பிப்ரவரி 23 அன்று கோட்டிங்கனில் மறைந்தார். பிற்காலத்தில் ஜெர்மனி அவர் உருவத்தையும் அந்த மணி வளைவையும் பத்து மார்க் பணத்தாளில் பொறித்தது. 2002இல் யூரோ நாணயம் வரும்வரை அந்தத் தாள் சந்தையிலே புழங்கியது. கூலிக்காரர் மகனின் முகம், கூலி வாங்கும் கைகளில் எல்லாம் ஏறி இறங்கியது!

ஆனால் அவருடைய கணக்கு அவரோடு முடியவில்லை. வானத்துக்காக வகுத்ததை மனிதர்மீது பொருத்திப் பார்க்கும் காலம் வந்தது. 1899இல் இங்கிலாந்தில் யூல் என்னும் புள்ளியியல் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். சமுதாயச் சிக்கல் ஒன்றுக்குப் பல மாறிகள் கொண்ட சமன்பாட்டைப் பொருத்திய முன்னோடி முயற்சி அது. பொருள் என்ன தெரியுமா? ஏழைகள்!

அந்நாளில் அங்கே ஏழைகளுக்கு இருவகையில் உதவி கிடைத்தது. ஒன்று, சிறைச்சாலை போன்ற உழைப்பு விடுதியில் அடைபட்டு உண்பது. மற்றது, வீட்டிலிருந்தபடியே உதவி பெறுவது. வீட்டுக்கே உதவி கொடுத்தால் பரதேசிகள் பெருகுவார்கள் என்று மேல்தட்டினர் வாதிட்டனர். யூல் மூன்று காரணங்களை எடுத்துக்கொண்டார்: வீட்டு உதவிக்கும் விடுதி உதவிக்கும் உள்ள விகிதம், முதியோர் விகிதம், மக்கள்தொகை. உதவி பெறுவோர் எண்ணிக்கை இவற்றோடு எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டார். லண்டன் மாநகரின் 32 ஏழைநல வட்டங்களுக்கு, 1871 முதல் 1881 வரையிலான மாற்றத்துக்கு, அவர் கண்ட எண்கள் இவை: வீட்டு உதவிக்கு 0.755, முதியோருக்குக் கழித்தல் 0.022, மக்கள்தொகைக்குக் கழித்தல் 0.322. அதாவது வீட்டு உதவி விகிதம் ஒரு பங்கு ஏறினால், மற்றவை மாறாதிருக்க, உதவி பெறுவோர் முக்கால் பங்கு ஏறினர். பார்த்தீர்களா, உதவிதான் வறுமையை வளர்க்கிறது என்று முழங்குவதற்கு இது போதாதா அவர்களுக்கு!

நில்லுங்கள், தோழர்களே! யூல் நாணயமானவர். இதனால் அது விளைந்தது என்று தாம் எழுதிய இடங்களில், இதோடு அது சேர்ந்து காணப்படுகிறது என்றே கண்டிப்பாகக் கொள்ள வேண்டும் என்று அடிக்குறிப்பில் எச்சரித்தார். உற்றுப் பாருங்கள். பரதேசி என்று அந்த ஏட்டில் எண்ணப்பட்டவன் யார்? உதவி வாங்கியவன். உதவி வாங்காமல் பட்டினி கிடந்தவன் அந்த எண்ணிக்கையிலேயே இல்லை! வீட்டு உதவியை நிறுத்தினால் எண்ணிக்கை குறையும், பசி குறையுமா? வேலையில்லாத் திண்டாட்டம் வந்தால் உதவியும் ஏறும், உதவி பெறுவோரும் ஏறுவர். வேலையின்மைக்கு அந்தச் சமன்பாட்டில் இடம் எங்கே? ஏழைநல வட்டங்களின் நிர்வாகம் எப்படி நடந்தது என்பதைப் போன்ற காரணங்கள் எண்ணில் அடங்காமல் கணக்குக்கு வெளியே நிற்கின்றன என்று பொருளாதார அறிஞர் பிகூ 1910இல் எடுத்துக் காட்டினார்.

நாம் சொல்ல வந்தது இதுதான். கௌசின் கணக்கு நேர்மையானது. நாம் கொடுத்த காரணங்களுக்குள், நாம் கொடுத்த எண்களைக் கொண்டு, மிகப் பொருத்தமான பங்கீட்டை அது தரும். ஆனால் எந்தக் காரணத்தைச் சேர்ப்பது, எதை விடுவது, எதை எப்படி எண்ணுவது என்று அது சொல்லாது. அதைச் சொல்பவர் மனிதர். அந்த மனிதர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது சமன்பாட்டில் தெரியாது. சேர்க்காமல் விட்ட காரணத்தின் பழி, சேர்த்த காரணத்தின் தலையில் விழும். பஞ்சின் தரத்தை எழுதாமல் விட்டால், மட்டமான பஞ்சு செய்த கேட்டை ஆட்களின் கணக்கில் ஏற்றிக் காட்டும். கணக்கு பொய் சொல்லவில்லை. கேட்டவர் பாதியைத்தான் கேட்டார்!

கௌஸ் மையும் காகிதமும் கொண்டு நாள்கணக்கில் போட்டதை இன்று கணிப்பொறி இமைப்பொழுதில் போடுகிறது. ஆறு மாறிகள் அல்ல, அறுநூறு மாறிகள் என்றாலும் அதற்குக் களைப்பில்லை. கூலி நிர்ணயம், காப்பீட்டுத் தொகை, கடன், நலத்திட்டம் என்று எங்கும் இந்தக் கணக்கின் பெயரால் முடிவுகள் வருகின்றன. எண்களைக் கண்டு மிரள்வதும் தவறு. எண்களே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு.

ஆகவே, ஓர் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை சாட்சிகளை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், பொறுக்கினீர்களா, முழுவதையும் எடுத்தீர்களா? எந்தெந்தக் காரணங்களைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள்? அந்த எண்களை அளந்தவர் யார்? கடைசியாக, உங்கள் சமன்பாடு விளக்காமல் விட்ட மிச்சம் எவ்வளவு? இந்த நான்குக்கும் நேராக விடை சொல்பவரோடு உட்கார்ந்து பேசலாம். மழுப்புபவரிடம் ஏட்டைக் கேட்டு வாங்குங்கள். நம் தோழர்களில் கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்க வையுங்கள்!